காய்ச்சல் விட்ட நாள்

ஐந்தாம் நாள் காலையில் காத்தையனுக்குக் காய்ச்சல் விட்டது.
மன்னார்குடி ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு, பதினோராம் கட்டில்.
பூங்காவனம் ஐந்து நாளில் முதல்முறையாக
தலைவாரிக்கொண்டு இட்லி வாங்கப் போயிருந்தாள்.

கீழே லேபில்
அவர் ரத்தம் நிரம்பிய மெல்லிய குழாய்
சுழன்று நின்றது.
அளவுகோலில் வைத்துப் பார்த்தேன்.
நேற்று நாற்பத்திரண்டு,
இன்று ஐம்பத்துமூன்று.

ரத்தம் ஊறவில்லை.
தண்ணீர் வெளியேறுகிறது.

கோரையாற்று மதகில் லஸ்கர் வேலை அவருக்கு.
முதல் நாள் ஊசி குத்தும்போதே சொன்னார்:
"எழுத்து வராம ஒரு ஷட்டரும் தூக்க மாட்டேம்மா,
எவன் வந்து நின்னாலும் சரி."

அவர் செல்கள் அப்படி வளர்க்கப்படவில்லை.

ஷட்டர் மேடையில் யாரோ விட்டுப்போன பெயிண்ட் டப்பா,
அதில் ஐப்பசி மழை, அதில் முட்டை,
பிறகு ஒரு பகல்நேரக் கடி.
உள்ளே போனதற்கு வாயில்லை, வயிறில்லை,
பசிகூட இல்லை.
கொழுப்பு உறைக்குள் மடித்த ஒரு துண்டுச் சீட்டு.
என்னை எழுது, என்னையே எழுது
என்பது தவிர அதில் வேறு வாசகமில்லை.
செல் வாங்கிப் படித்தது.
தன் வேலையைப் போட்டுவிட்டு எழுதத் தொடங்கியது.

ஆனால் சும்மா சாகவில்லை அது.
கரை அரிக்கிற ராத்திரியில்
ஒரு வயலிலிருந்து மறு வயலுக்குக் கூப்பிடுவார்களே,
அப்படி ஒரு குரல் கொடுத்தது.
பக்கத்துச் செல்கள் கதவைச் சாத்தின.
தகவல் தலைக்குப் போனது. தலை அடுப்பை ஏற்றியது.
நூற்று நான்கு டிகிரி:
அந்த அனல் கிருமியுடையதல்ல, காத்தையனுடையது.
கண்ணுக்குப் பின்னால் குடைந்த வலியும்
முக்கால்வாசி அவருடையதுதான்.

கஜாவுக்கு முந்தின வருஷமும் இவருக்கு டெங்கு.
அன்று வந்தவனைப் பிடிக்கச் செய்த கொக்கிகள்
இன்னும் ரத்தத்தில் அலைகின்றன.
இப்போது வந்தவன் அவன் தம்பி.
அதே நெற்றி, அதே மூக்கு, கைரேகை வேறு.
கொக்கிகள் ஓடிப்போய்ப் பிடித்தன.
பிடித்தன, ஆனால் கட்ட முடியவில்லை.
கட்டாமலே இழுத்துக்கொண்டு போய்
விழுங்கிச் செரிக்கிற காவல் செல்களிடம் ஒப்படைத்தன.
வழக்கம்போல விழுங்கின அவை.
காவல் நிலையத்துக்குள்ளேயே அது குட்டி போட்டது.

பிறகுதான் எல்லாப் பக்கமும் ஒரே கூச்சல்.
அந்தக் கூச்சலில் ரத்தக்குழாய்ச் சுவர்
நண்டு துளைத்த வரப்பாகிவிட்டது.
உடைப்பு இல்லை. கசிவுதான்.
உடைப்பென்றால் சத்தம் கேட்கும்.

சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.
லிஃப்டுக்கு நிற்கவில்லை.
டாக்டர் ஜெபராணி அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.
சில்லென்றிருந்தது.
"காச்சல்தான் விட்ருச்சே" என்றாள் பூங்காவனம்,
இட்லிப் பொட்டலத்தோடு.
"அதனாலதான் பயம்" என்றார் டாக்டர்.

சலைன் ஏறியது. சொட்டுக் கணக்கு.
குறைந்தால் நாடி விழும்.
கூடினால்,
கசிந்த தண்ணீர் நாளை மறுநாள் திரும்பி வரும்போது
நுரையீரலில் நிற்கும்.
நர்ஸ் சின்னச் சக்கரத்தைத் திருகுவதை
அரைக்கண்ணால் பார்த்துக் காத்தையன் கேட்டார்:
"எத்தனை கன அடி?"
யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்துவிட்டேன்.

ஐம்பத்தொன்று.
ஐம்பத்தொன்று.
சாயங்காலம் நாற்பத்தெட்டு.
விடியும்போது நாற்பத்துமூன்று.

வீட்டுக்குப் போகிற அன்று
லேப் ஜன்னலில் வந்து நின்றார்.
"இனிமே வராதுல்ல?"
"இந்த ரெண்டும் வராதுண்ணே. மொத்தம் நாலு."
கணக்குப் போட்டுப் பார்த்தார்.
"அப்ப பாதி ஆத்தைத் தாண்டியாச்சு" என்று சொல்லிவிட்டு
மருந்துச் சீட்டு வாங்க வரிசைக்குப் போனார்.

பகல் பதினொரு மணி.
மைக்ராஸ்கோப் மேல் வரிக்கால் கொசு ஒன்று
உட்கார்ந்து எழுந்து உட்கார்கிறது.
என் ரத்தத்தில் யார் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று
பதினாறு வருஷத்தில் ஒருநாளும்
நான் பார்த்ததில்லை.
கையை ஓங்குகிறேன்.